எங்கே ஏர் எடுக்குது?
வாசகர் கேள்வி – பதில்: பழைய வண்டிகளின் வாக்குவம் ஹோஸ்கள்

கார்புரேட்டர் வண்டி வைத்திருப்பவர்களிடமிருந்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புகார்தான்: ஐடிலிங் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் ஓடும் வேகம்) நிலையாக நிற்கவில்லை. பலரும் கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, கிட் மாற்றி, ஸ்க்ரூவைத் திருகித் திருகி ஓய்ந்த பிறகே எழுதியிருக்கிறார்கள். பல வேளை குறை இருப்பது வாக்குவம் ஹோஸ்களில், அதாவது இன்ஜினின் உறிஞ்சலைப் பிற பாகங்களுக்குக் கொண்டுபோகும் ரப்பர் குழாய்களில். அதனால் இந்த இதழ் முழுக்க ஹோஸ்களுக்கு.

கேள்வி: என்னுடையது 1996 மாருதி 800. ஏழெட்டு மாதம் ஷெட்டில் நின்றது. இப்போது ஸ்டார்ட் ஆகிறது. ஆனால் ஐடிலிங் ஏறி ஏறி இறங்குகிறது, சிக்னலில் ஆஃப் ஆகிவிடுகிறது. சாலையில் 50, 60-இல் போனால் எந்தக் குறையும் இல்லை. மெக்கானிக் மூன்று முறை டியூனிங் செய்தார். கார்புரேட்டர் கிட்டும் போட்டாயிற்று. இப்போது சாவியை அணைத்த பிறகும் இரண்டு மூன்று உதறல் உதறிவிட்டுத்தான் நிற்கிறது. – தாராபுரம் வாசகர்

பதில்: உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது: ஐடிலிங்கில் கெடுகிறது, ஓட்டத்தில் சரியாக இருக்கிறது. ஐடிலிங்கில் த்ராட்டில் தகடு (ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் திறக்கும் காற்று வழி மூடி) கிட்டத்தட்ட மூடியிருக்கும். பிஸ்டன்கள் கீழே இழுக்கும்போது உள்ளே வரக் காற்றுக்கு வழியில்லாததால் மேனிஃபோல்டில் (கலவையைச் சிலிண்டர்களுக்குப் பிரித்து அனுப்பும் குழாயில்) உறிஞ்சல், அதாவது வாக்குவம், உச்சத்தில் இருக்கும். அந்த நேரத்தில் ஒரு ஹோஸில் குண்டூசி அளவு வெடிப்பு இருந்தாலும் காற்று அதன் வழியே நுழையும். கார்புரேட்டர் தன் வழியாக வரும் காற்றுக்குத்தான் பெட்ரோல் அளக்கும். பின்வாசல் வழியாக வந்த காற்றுக்கு அளக்காது. கலவை மெலிந்து மிஸ்ஸிங் வருகிறது. ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் முன்வாசல் வழியே ஏராளமாகக் காற்று வருவதால் அந்தச் சிறு கசிவு கணக்கிலேயே வராது.

மெக்கானிக் மூன்று முறை டியூன் செய்தார் என்றால், ஐடில் ஸ்க்ரூவை உள்ளே திருகி த்ராட்டிலைச் சற்றுத் திறந்து வைத்திருப்பார். சாவியை அணைத்த பிறகும் உதறுவது பெரும்பாலும் அதனால்தான்: திறந்திருக்கும் த்ராட்டில் வழியே கலவை போய்க்கொண்டிருக்கிறது, சூடான சிலிண்டரில் ஸ்பார்க் இல்லாமலே பற்றிக்கொள்கிறது. ஆகவே ஸ்க்ரூக்களை இப்போதைக்குத் தொடாதீர்கள். இந்த வரிசையில் பாருங்கள்.

முதலில் இன்ஜின் ஆறியிருக்கும்போது கண்ணால், விரலால். ஒவ்வொரு ஹோஸின் முனையையும் லேசாக வளைத்துப் பாருங்கள். வெடிப்பு நடுவில் அபூர்வம். நிப்பிளின் (ஹோஸ் மாட்டும் சிறு குழாய் முனையின்) மேல் விரிந்து உட்காரும் கடைசி 1, 2 செ.மீ. பகுதியில், அதுவும் கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்தில்தான் இருக்கும். நீளம் மிச்சமிருந்தால் முனையில் 1 செ.மீ. வெட்டி எறிந்துவிட்டு மறுபடி மாட்டலாம். ஆனால் வளைத்தால் கட்டையாக நிற்கிற ஹோஸுக்கு அந்த வைத்தியம் ஒரு மாதம் தாங்கும், அவ்வளவுதான்.

அதே கையோடு, ஹோஸே இல்லாத நிப்பிள்களையும் தேடுங்கள். கார்புரேட்டரிலும் மேனிஃபோல்டிலும் பயன்படாத நிப்பிள்களுக்குச் சின்ன ரப்பர் மூடி போட்டிருப்பார்கள். நிறுத்தி வைத்த வண்டியில் முதலில் பிளப்பது அந்த மூடிதான், கடைசியில் பார்க்கப்படுவதும் அதுதான். சில வண்டிகளில் மூடி இருந்த இடத்தில் ஒரு ஸ்க்ரூவைச் செருகி எம்-சீல் அப்பியிருப்பார்கள். அது சூட்டில் விரிசல் விட்டிருந்தாலும் கதை அதே.

அடுத்து இன்ஜினைச் சூடாக்கி ஐடிலிங்கில் விடுங்கள். மூக்குப் பிளையரின் வாயில் துணி சுற்றி ஹோஸ்களை ஒவ்வொன்றாக நசுக்குங்கள். எதை நசுக்கும்போது ஐடிலிங் சட்டென்று மாறுகிறதோ அந்தப் பாதையில் கசிவு. இதில் ஒரு விதிவிலக்கு: கிராங்க் கேஸ் (இன்ஜினின் அடிப்பெட்டி) ஆவி மேனிஃபோல்டுக்குப் போகும் ஹோஸில் எப்போதும் கொஞ்சம் காற்று ஓடும், அதை நசுக்கினால் நல்ல இன்ஜினிலும் ஐடிலிங் சற்று இறங்கும். அதைக் குறை என்று எண்ணிவிட வேண்டாம். மாறாக, பிரேக் பூஸ்டர் (வாக்குவத்தின் உதவியால் பிரேக் மிதியை இலகுவாக்கும் டப்பா) ஹோஸை நசுக்கினால் எந்த மாற்றமும் வரக் கூடாது. வந்தால் பூஸ்டர் பக்கம் கசிகிறது. கெட்டிப்பட்ட ஹோஸை நசுக்காதீர்கள், நொறுங்கிவிடும். அதை மேனிஃபோல்டு முனையில் கழற்றி, நிப்பிளை விரலால் அடைத்துப் பாருங்கள்.

'உஸ்' சத்தம் கேட்டும் இடம் பிடிபடாவிட்டால் 60 செ.மீ. ரப்பர் ட்யூப் ஒன்றை எடுத்து ஒரு முனையைக் காதில் வைத்து மறுமுனையால் தேடலாம். ஃபேன் பெல்ட்டையும், சொல்லாமல் கொள்ளாமல் சுழலத் தொடங்கும் எலெக்ட்ரிக் ஃபேனையும் ஒரு கண் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஹோஸ்கள் எல்லாம் தேறிவிட்டால் மிச்சம் இரண்டு இடம்: கார்புரேட்டர் அடிப்பக்க கேஸ்கட் (இணைப்பின் நடுவே கசியாமல் வைக்கும் தகடு), மேனிஃபோல்டு கேஸ்கட். சோப்புத் தண்ணீரை ஸ்ப்ரே பாட்டிலில் எடுத்து இணைப்பு விளிம்பில் மட்டும் கொஞ்சம் அடியுங்கள். கசிவு உள்ள இடத்தைத் தண்ணீர் ஒரு நொடி அடைக்கும், ஐடிலிங் மாறும். இதற்குப் பெட்ரோலோ கார்புரேட்டர் கிளீனரோ அடிக்கும் வழக்கம் உண்டு. ஹை டென்ஷன் வயர் லீக் ஆகும் பழைய வண்டியில், சூடான சைலன்சர் குழாய்க்கு அருகில் அதைச் செய்யாதீர்கள். டிஸ்ட்ரிப்யூட்டர் (ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் பாகம்) மேல் தண்ணீரும் படக் கூடாது.

கார்புரேட்டர் அடியில் கசிந்தால் நட்டை ஓங்கி இறுக்கத் தோன்றும். அங்கேதான் பலர் சிறு குறையைப் பெரிதாக்கிக்கொள்கிறார்கள். அலுமினிய விளிம்பு வளைந்துவிட்டால் எந்த கேஸ்கட்டும் உட்காராது. எதிரெதிர் நட்டுகளைக் கால் சுற்று, கால் சுற்றாக மாற்றி மாற்றி இறுக்குங்கள். ஏற்கெனவே வளைந்திருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால், கழற்றி, விளிம்பின் மேல் ஸ்டீல் ஸ்கேலை நிமிர்த்தி வைத்துப் பாருங்கள், அடியில் 0.1 மி.மீ. ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைந்தால் விளிம்பைத் தேய்த்துச் சமன் செய்ய வேண்டும்.

கசிவை அடைத்த பிறகே டியூனிங். மிக்ஸர் ஸ்க்ரூவை (ஐடிலிங் கலவையைக் கூட்டிக் குறைக்கும் ஸ்க்ரூ) மெல்லத் திருகி ஐடிலிங் எங்கே அதிகமாக ஏறுகிறதோ அங்கே நிறுத்துங்கள். ஏறிய வேகத்தை ஐடில் ஸ்க்ரூவால் இறக்குங்கள். இரண்டையும் மாற்றி மாற்றி இரண்டு மூன்று முறை செய்தால் 850 ஆர்.பி.எம். பக்கம் நிலைத்து நிற்கும். மிக்ஸர் ஸ்க்ரூவை எந்தப் பக்கம் திருகினாலும் இன்ஜின் கண்டுகொள்ளவே இல்லையா? ஒன்று, இன்னும் எங்கோ ஏர் எடுக்கிறது. அல்லது ஐடில் ஜெட் (ஐடிலிங்குக்குப் பெட்ரோல் வரும் சிறு துளை) அடைத்திருக்கிறது. எட்டு மாதம் நின்ற வண்டியில் இரண்டுமே ஒன்றாகவும் இருக்கலாம்.

கேள்வி: கார்புரேட்டர் கழற்றும்போது ஹோஸ்களைக் குறித்து வைக்கவில்லை. டிஸ்ட்ரிப்யூட்டருக்குப் போகும் ஹோஸை மாட்ட ஒரே அளவில் இரண்டு நிப்பிள் இருக்கின்றன. எதில் மாட்டினாலும் வண்டி ஓடுகிறது! – காரைக்குடி வாசகர்

பதில்: ஓடும், ஆனால் ஒன்றில்தான் சரியாக ஓடும். ஐடிலிங்கில் இரண்டு நிப்பிளிலும் விரல் வைத்துப் பாருங்கள். ஒன்று விரலை இழுத்துப் பிடிக்கும். அது த்ராட்டில் தகட்டுக்குக் கீழே, நேராக மேனிஃபோல்டுக்குத் திறப்பது. இன்னொன்று ஐடிலிங்கில் சும்மா இருக்கும், ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் கொடுத்ததும் இழுக்கத் தொடங்கும். அது தகட்டின் விளிம்புக்குச் சற்று மேலே இருக்கும் துளை. ஜப்பானிய வடிவமைப்பில் வந்த நம் ஊர் கார்புரேட்டர் கார்களில் பெரும்பாலும் இந்த இரண்டாவதுதான் டிஸ்ட்ரிப்யூட்டருக்கு உரியது.

தவறி முதலாவதில் மாட்டினால் ஐடிலிங்கிலேயே முழு வாக்குவம் டிஸ்ட்ரிப்யூட்டருக்குப் போய் ஸ்பார்க் முன்கூட்டியே விழும், ஐடிலிங் ஏறும். உடனே ஐடில் ஸ்க்ரூவைக் குறைப்பீர்கள். பிறகு இன்ஜினுக்கு லோடு ஏறி வாக்குவம் விழும்போதெல்லாம் ஐடிலிங் தொப்பென்று இறங்கி ஆஃப் ஆகும். அப்போது கார்புரேட்டரைத் திட்டுவீர்கள்.

மிஞ்சும் நிப்பிளைத் திறந்து விடக் கூடாது. எதற்கு உரியது என்று தெரியும்வரை மூடி போட்டு வையுங்கள். தொண்ணூறுகளின் கடைசியில் வந்த மாடல்களில் கரித்தூள் டப்பா (பெட்ரோல் ஆவியைப் பிடித்து வைப்பது), ஏர் கிளீனர் மூடி என்று ஹோஸ்கள் கூடின. பல வண்டிகளில் பானட்டின் உட்புறம் ஹோஸ் படம் ஒட்டியிருக்கும், தூசியைத் துடைத்துப் பாருங்கள். ஹோஸ் நடுவில் இரண்டு நிறத்தில் சின்ன பிளாஸ்டிக் வட்டு இருந்தால் அது ஒருவழி வால்வு அல்லது வாக்குவத்தைத் தாமதப்படுத்தும் வால்வு. திருப்பி மாட்டினால் வேலை செய்யாது. கழற்றும் முன் எந்த நிறம் எந்தப் பக்கம் என்று ஒரு செல்போன் படம் போதும். இன்சுலேஷன் டேப்பில் எண் எழுதி இரு முனையிலும் ஒட்டினால் இன்னும் நல்லது.

கேள்வி: அம்பாசடர், 1,489 சி.சி. பெட்ரோல் இன்ஜின். டிஸ்ட்ரிப்யூட்டரின் வாக்குவம் டப்பா தேவையில்லை என்று ஹோஸை எடுத்து அடைத்துவிட்டார்கள். அதன் பிறகு மைலேஜ் குறைந்தது. பிக்கப்பும் இல்லை. இரண்டுக்கும் அதுவே காரணமா? – தஞ்சாவூர் வாசகர்

பதில்: மைலேஜுக்கு ஆம். பிக்கப்புக்கு அநேகமாக இல்லை.

டிஸ்ட்ரிப்யூட்டருக்குள் இரண்டு ஏற்பாடு உண்டு. எடைக் குண்டுகள் வேகத்தை மட்டும் பார்த்து ஸ்பார்க்கை முன்தள்ளும். வாக்குவம் டப்பா லோடைப் பார்த்துத் தள்ளும். லேசாக மிதித்து ஒரே வேகத்தில் போகும்போது சிலிண்டருக்குள் கலவை குறைவாக, அடர்த்தியில்லாமல் இருக்கும், மெதுவாக எரியும். அதற்கு ஸ்பார்க் முன்னதாக வேண்டும், வாக்குவம் அதைக் கொடுக்கிறது. முழுக்க மிதித்தால் வாக்குவம் விழுந்துவிடும், அந்தக் கூடுதல் முன்தள்ளலும் விலகிக்கொள்ளும்; இல்லாவிட்டால் தட்டும். ஆக, ஹோஸை அடைத்தால் நஷ்டம் நெடுஞ்சாலையில் நிதானமாகப் போகும்போது: பெட்ரோல் கூடும், இன்ஜினும் வழக்கத்தைவிடச் சூடாகும். முழு மிதியில் எப்படியும் அந்த டப்பா சும்மாதான் இருக்கும்.

டப்பா நல்லதா என்று பார்க்க 20 மி.லி. சிரிஞ்சும் ஒரு துண்டு ட்யூபும் போதும். டிஸ்ட்ரிப்யூட்டர் மூடியைக் கழற்றி, டப்பாவின் நிப்பிளில் ட்யூபை மாட்டி, சிரிஞ்சை இழுங்கள். பாயின்ட் (திறந்து மூடி ஸ்பார்க்கை உண்டாக்கும் தொடுமுனை) உட்கார்ந்திருக்கும் தகடு திரும்ப வேண்டும். சிரிஞ்சைப் பிடித்திருக்கும்வரை அங்கேயே நிற்க வேண்டும். தானாகத் திரும்பி வந்தால் டயாஃப்ரம் (டப்பாவுக்குள் இருக்கும் ரப்பர் சவ்வு) ஓட்டை. இழுத்த சிரிஞ்ச் நிற்கிறது, ஆனால் தகடு அசையவில்லை என்றால் தகடு துருவில் இறுகியிருக்கிறது. சுத்தம் செய்து ஒரே ஒரு சொட்டு எண்ணெய்.

பிக்கப்புக்கு வருவோம். அந்தத் தகட்டையும் டிஸ்ட்ரிப்யூட்டர் உடலையும் இணைக்கும் மெல்லிய எர்த் வயர் ஒன்று உண்டு. தகடு வருடக்கணக்கில் ஆடி ஆடி அது உறைக்குள்ளேயே அறுந்திருக்கும். வெளியே பார்த்தால் முழுசாகத் தெரியும். மிதிக்கும்போது மட்டும் மிஸ் ஆகும். 'வாக்குவம் ஹோஸை எடுத்தால் சரியாகிவிட்டது' என்று சிலர் சொல்வதன் ரகசியம் பெரும்பாலும் இதுதான்: ஹோஸை எடுத்ததும் தகடு ஆடுவது நின்றுவிடுகிறது, அறுந்த வயர் தொட்டபடியே இருக்கிறது. உங்கள் வண்டியிலும் அதற்காகத்தான் அடைத்தார்களோ என்னவோ. வயரை மாற்றுங்கள், மெல்லிய, நிறைய இழை உள்ள வயராக இருக்க வேண்டும், கெட்டி வயர் போட்டால் தகட்டை ஆட விடாது. பாயின்ட் கேப் 0.015 அங்குலம், அதாவது 0.38 மி.மீ. வைத்து, வாக்குவம் ஹோஸைக் கழற்றி அடைத்த நிலையில் டைமிங் (ஸ்பார்க் விழும் நேரம்) வையுங்கள். பிறகு ஹோஸை மாட்டுங்கள்.

கேள்வி: 1997 எஸ்டீம். காலையில் முதல் மிதியில் பிரேக் பெடல் கல் மாதிரி இருக்கிறது. இன்ஜின் ஸ்டார்ட் ஆனதும் சரியாகிறது. சில நாட்களாக பிரேக் மிதித்தால் ஐடிலிங்கும் தடுமாறுகிறது. – திருநெல்வேலி வாசகர்

பதில்: இரண்டு தனித்தனிக் குறைகள் இருக்கலாம். இதைத் தள்ளிப் போடாதீர்கள்.

இரவு முழுக்க நின்ற வண்டியில் பூஸ்டரின் வாக்குவம் மெல்ல வடிந்துவிடுவது உண்டு. ஆனால் ஐந்து நிமிடத்தில் வடியக் கூடாது. இன்ஜினை இரண்டு நிமிடம் ஓட்டி அணைத்துவிட்டு, ஐந்து நிமிடம் கழித்துப் பெடலை மூன்று முறை மிதியுங்கள். முதல் மிதி ஆழமாக, அடுத்தடுத்த மிதிகள் உயரமாக நின்றால் நல்லது. முதல் மிதியே கெட்டி என்றால் ஒருவழி வால்வைப் பாருங்கள்: பூஸ்டர் பக்கத்திலிருந்து ஊதினால் காற்று போக வேண்டும், இன்ஜின் பக்கத்திலிருந்து ஊதினால் போகக் கூடாது. வால்வு பூஸ்டரில் உட்காரும் ரப்பர் வளையமும் காய்ந்திருக்கும், சேர்த்தே மாற்றுங்கள்.

மிதிக்கும்போது ஐடிலிங் தடுமாறுவது பூஸ்டருக்குள் டயாஃப்ரம் கிழிந்ததன் அடையாளம். இன்ஜின் ஓடும்போது பெடலை மிதித்தபடி அணையுங்கள். 30 விநாடி காலை எடுக்காமல் வையுங்கள். பெடல் மேலே தள்ளிக்கொண்டு வந்தால் பூஸ்டர் கசிகிறது. இன்னொன்றும் பாருங்கள்: வெளியே எங்கும் ஒழுகாமல் பிரேக் ஆயில் குறைகிறதா, சைலன்சரில் வெள்ளைப் புகை வருகிறதா? மாஸ்டர் சிலிண்டரின் பின் சீல் போய், ஆயில் பூஸ்டருக்குள் இறங்கி, அங்கிருந்து இன்ஜின் அதைக் குடிக்கிறது. அப்படியானால் இரண்டையும் மாற்றாமல் வண்டியை எடுக்க வேண்டாம்.

கேள்வி: டாடா சுமோ டீசல். பிரேக் கெட்டி. மேனிஃபோல்டில் வாக்குவம் ஹோஸையே காணோமே? – ஓசூர் வாசகர்

பதில்: இருக்காது. இந்தப் பழைய டீசல் இன்ஜினின் காற்று வழியில் த்ராட்டில் தகடு கிடையாது, அதனால் மேனிஃபோல்டில் பயன்படும் அளவுக்கு வாக்குவமும் கிடையாது. ஆல்டர்னேட்டரின் பின்னால் ஒட்டியிருக்கும் வாக்குவம் பம்ப்தான் பூஸ்டருக்கு உழைக்கிறது. பம்புக்கு இன்ஜின் ஆயில் வரும் சின்னக் குழாய் அடைத்தால் பம்பின் பிளேடுகள் தேய்ந்துவிடும். ஆல்டர்னேட்டருக்குள் ஆயில் வழிந்து சார்ஜும் குறைந்தால் நடுவில் உள்ள சீல் போயிருக்கிறது. பம்ப் வாயில் விரல் வைத்தால் ஐடிலிங்கிலேயே பலமாக இழுக்க வேண்டும்.

கேள்வி: வாக்குவம் கேஜ் வாங்கி மாட்டினேன். 18 முதல் 20 அங்குலம் (பாதரச அளவு) காட்ட வேண்டும் என்கிறார்கள். என் ஜீப்பில் 12-தான் காட்டுகிறது. பெட்ரோல் இன்ஜின். – உதகை வாசகர்

பதில்: உங்கள் இன்ஜின் நலம்! கடல் மட்டத்திலிருந்து ஒவ்வொரு 300 மீட்டர் ஏற்றத்துக்கும் ஏறக்குறைய ஓர் அங்குலம் குறையும். ஊட்டி சுமார் 2,240 மீட்டர். ஏழு அங்குலத்துக்கு மேல் போய்விடுகிறது. அங்கே முள் ஆடாமல் 11, 12-இல் நின்றால் சமவெளியின் 18, 20-க்குச் சமம். இதே 12 சென்னையில் காட்டியிருந்தால் டைமிங் பின்னால் இருக்கிறது அல்லது எங்கோ ஏர் எடுக்கிறது என்று சொல்லியிருப்போம்.

எண்ணைவிட முள்ளின் ஆட்டத்தைக் கவனியுங்கள். சீரான இடைவெளியில் ஒரே அளவு விழுந்து விழுந்து எழுந்தால் ஒரு சிலிண்டரின் வால்வில் கோளாறு. மெதுவாக மிதந்து ஏறி இறங்கினால் கலவை. ரேஸ் செய்து 2,500-இல் பிடித்து வைத்தால் முள் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்துகொண்டே போனால் சைலன்சர் அடைப்பு.

பூஸ்டர் வைத்த பெட்ரோல் வண்டிகளுக்கு மலையில் உதவியும் அந்த அளவுக்குக் குறைவு, பெடல் சற்றுக் கெட்டியாகத்தான் இருக்கும். பெட்ரோல் மிச்சம் என்று இறக்கத்தில் இன்ஜினை அணைப்பவர்களுக்கு: பூஸ்டரில் சேமிப்பு இரண்டு மூன்று மிதிக்கு மட்டும்தான். கியரில் இறங்கினால் வாக்குவமும் நிறையக் கிடைக்கும், இன்ஜினும் வண்டியைப் பிடிக்கும்.

கேள்வி: ஒரிஜினல் ஹோஸ் கிடைக்கவில்லை. எந்த ட்யூப் போடலாம்? சலைன் ட்யூப் போட்டுத் தந்தார்கள். – விருதுநகர் வாசகர்

பதில்: சலைன் ட்யூபைக் கழற்றி எறியுங்கள். மீன் தொட்டி ட்யூபும் அப்படியே. குளிர்ந்திருக்கும்போது கச்சிதமாக இருக்கும். இன்ஜின் சூட்டில் இளகி, உறிஞ்சலில் ஒட்டிக்கொள்ளும். வண்டி ஆறியதும் மறுபடி திறந்துகொள்ளும் என்பதால் குறையைக் கண்டுபிடிக்கவே முடியாது.

டிஸ்ட்ரிப்யூட்டர் போன்ற சின்ன இணைப்புகளுக்கு நிப்பிளை வெர்னியரில் அளந்து, அதைவிட அரை மி.மீ. சிறிய உள்விட்டமுள்ள, தடித்த சுவர் ரப்பர் ஹோஸ் வாங்குங்கள். 4 மி.மீ. நிப்பிளுக்கு 3.5 மி.மீ. ஹோஸ் இறுக்கமாக உட்காரும், கிளிப் வேண்டாம். சிலிக்கான் ஹோஸ் சூட்டுக்கு நல்லது, ஆனால் பெட்ரோல் ஆவியும் ஆயிலும் படும் இடத்தில் ஊதிப் பருத்துவிடும். கிராங்க் கேஸ் ஆவி போகும் இடத்துக்கு ஆயில் தாங்கும் நைட்ரைல் ரப்பர் வேண்டும். பிரேக் பூஸ்டருக்கு மட்டும் சமரசமே இல்லை: நூல் இழை வைத்த, பூஸ்டருக்கென்றே விற்கும் ஹோஸ், இரு முனையிலும் கிளிப். ரேடியேட்டர் ஹீட்டர் ஹோஸ் பார்க்க அதே பருமனாக இருக்கும். அது உள்ளிருந்து தள்ளும் அழுத்தத்துக்குச் செய்தது, உறிஞ்சினால் சப்பையாகிவிடும்.

கேள்வி: பழைய கியர்லெஸ் ஸ்கூட்டர், ஆட்டோ ஃப்யூயல் காக் உள்ளது. ஸ்டார்ட் ஆகி இரண்டு நிமிடத்தில் நின்றுவிடுகிறது. அரை மணி கழித்து மறுபடி ஸ்டார்ட் ஆகிறது. – புதுச்சேரி வாசகர்

பதில்: அந்த ஆட்டோ ஃப்யூயல் காக், அதாவது பெட்ரோல் வால்வு, திறப்பதே இன்ஜினின் வாக்குவத்தால்தான். மெல்லிய ஹோஸ் கழன்றாலோ வெடித்தாலோ காக் திறக்காது. கார்புரேட்டர் கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோல் தீரும்வரை ஓடும், நிற்கும். பெட்ரோல் குழாயைக் கார்புரேட்டரில் கழற்றி ஒரு பாட்டிலில் விட்டு, வாக்குவம் ஹோஸைச் சிரிஞ்சால் இழுங்கள். பெட்ரோல் வந்தால் காக் நல்லது, ஹோஸ்தான் குற்றவாளி. வரவில்லை என்றால் காக்கின் டயாஃப்ரம் அல்லது வடிகட்டி.

சிரிஞ்சுக்குள்ளேயே பெட்ரோல் வந்தால் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது. அந்த வழியாகப் பெட்ரோல் நேராக இன்ஜினுக்குள் போகும், சில வண்டிகளில் இரவு நிற்கும்போதும். நான்கு ஸ்ட்ரோக் வண்டியாக இருந்தால் ஆயில் டிப் ஸ்டிக்கை எடுத்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாசனை அடித்தால் காக்கோடு ஆயிலையும் மாற்றிவிட்டுத்தான் மறுபடி ஸ்டார்ட் செய்ய வேண்டும்.